மெத்தையைத் தூக்கும் கைகளுக்கு ஒரு சட்டப் பாதுகாப்பு

தங்கும் விடுதியில் ஒரு படுக்கையைச் சரிசெய்வதை அருகில் நின்று பார்த்தால்தான் அதன் கடுமை புரியும். கனத்த மெத்தையின் மூலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் விரிப்பை அடியில் செருக வேண்டும். நான்கு மூலைக்கும் நான்கு முறை குனிந்து நிமிர வேண்டும். அது முடிந்ததும் முழங்காலிட்டுக் குளியல் தொட்டியைத் தேய்க்க வேண்டும். பிறகு துணி வண்டியைக் கம்பளத் தரையில் தள்ளிக்கொண்டு அடுத்த அறைக்குப் போக வேண்டும். கலிஃபோர்னியாவில் இந்த வேலையில் இருப்பவர்களில் ஏராளமானோர் ஸ்பானிய மொழி பேசும் பெண்கள். தோள்வலியையும் இடுப்புவலியையும் வயதின் குற்றம் என்று நினைத்து, மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தவர்கள்.

அந்த வலி வேலையால் வருவது, அதைத் தடுப்பது முதலாளியின் கடமை என்று சொல்லும் விதி 2018 ஜூலை 1 முதல் அங்கே நடைமுறையில் இருக்கிறது. மாநிலத் தொழில் பாதுகாப்பு விதிகளின் 3345ஆம் பிரிவு அது. விடுதித் துப்புரவுப் பணியாளர்களுக்கென்றே அமெரிக்காவில் வந்த முதல் விதி. யாரும் தானாகக் கொடுத்ததல்ல. யுனைட் ஹியர் தொழிற்சங்கம் 2012இல் மனுக் கொடுத்து, பணியாளர்கள் தாங்களே வந்து சாட்சி சொல்லி, ஆறு ஆண்டுகள் விடாமல் கேட்டுப் பெற்றது.

விதிப்படி ஒவ்வொரு விடுதியும் காயத் தடுப்புத் திட்டம் ஒன்றை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். எந்த வேலையில் உடம்பு எப்படிக் கெடுகிறது என்று ஆராய வேண்டும். கண்டறிந்த ஆபத்தைக் களைய வேண்டும். முழங்காலிடாமல் தேய்க்க நீண்ட கைப்பிடித் தூரிகை வாங்கித் தருவதும் அதில் அடங்கும். ஆண்டுக்கு ஒருமுறையாவது பயிற்சி தர வேண்டும், அதுவும் பணியாளருக்கு எளிதில் புரியும் மொழியில். ஸ்பானிய மொழி மட்டும் தெரிந்தவரிடம் ஆங்கிலத் தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினால் அது பயிற்சி ஆகாது.

என்னைக் கேட்டால், இந்த விதியின் உயிர்நாடி வேறு ஓர் இடத்தில் இருக்கிறது: ஆபத்தை ஆராயும்போது பணியாளர்களையும், சங்கம் இருந்தால் அதன் பிரதிநிதியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்போது வாய் திறந்து பேச, முன்கூட்டியே கூடிப் பேசியிருக்க வேண்டும். தொழிலாளர் கூட்டங்களில் ஓர் எளிய வழக்கம் உண்டு. சுவரில் ஒரு மனித உருவப் படத்தை ஒட்டி, அவரவருக்கு வலிக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைக்கச் சொல்வார்கள். ஒரே தோளில் பதினைந்து புள்ளிகள் விழும்போது, தனக்கு மட்டும்தான் என்று எண்ணியிருந்தவளுக்கு விஷயம் விளங்கிவிடும்.

இப்படிக் கூடிப் பேச 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுகள் சட்டம் உரிமை தருகிறது. சங்கம் இல்லாத இடத்திலும் அது செல்லும். கூடியதற்காகப் பழிவாங்கினால், ஆறு மாதத்துக்குள் தேசியத் தொழிலாளர் உறவுகள் வாரியத்தில் புகார் கொடுக்க வேண்டும்.

லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 2022இல் இன்னும் ஒரு படி மேலே போனது. அறுபது அல்லது அதற்கு மேற்பட்ட அறைகள் உள்ள விடுதியில், எட்டு மணி நேர வேலை நாளில் ஒருவர் துப்புரவு செய்யும் பரப்பு 3,500 சதுர அடியைத் தாண்டினால், அன்றைய முழு நாளுக்கும் இரட்டைச் சம்பளம். அறையில் தனியாக வேலை செய்பவர்களுக்கு, ஆபத்தில் அழுத்த ஓர் அவசர உதவிப் பொத்தானும் கொடுத்தாக வேண்டும்.

குடியேற்ற ஆவணம் இல்லாதவர்கள் இதையெல்லாம் கேட்டுப் பயப்படுவது இயல்பு. ஆனால் கலிஃபோர்னியாவின் தொழிலாளர் பாதுகாப்புகள் குடியேற்ற நிலை எதுவாக இருந்தாலும் பொருந்தும். குடியேற்ற அதிகாரிகளிடம் சொல்லிவிடுவேன் என்று முதலாளி மிரட்டுவதே அங்கே சட்டவிரோதம். பாதுகாப்புக் குறைகளை மாநிலத்தின் தொழில் பாதுகாப்புத் துறையான கால்-ஓஷாவின் அலுவலகத்தில் தெரிவிக்கலாம். புகார் கொடுத்தவரின் பெயரை அவர்கள் ரகசியமாக வைப்பார்கள். போகும்போது எந்தத் தேதியில் எத்தனை அறைகள், எங்கே வலி, யாரிடம் சொன்னேன் என்று எழுதிவைத்த குறிப்பு கையில் இருந்தால் நல்லது. ஸ்பானிய மொழியிலேயே எழுதியிருக்கலாம்.