டாட்டூ: வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சு, தமிழ்ல என்ன சொல்றது?

டாட்டூன்னா இங்கிலீஷ் வார்த்தைன்னுதான் நிறைய பேர் நெனச்சிட்டிருக்காங்க, ஆனா அது பசிபிக் கடல்ல இருக்கற பாலினேசியத் தீவுகளோட சொத்து. டஹிட்டி, சமோவா பக்கம் டாட்டாவ்னு சொல்லுவாங்க, அதுல "டா"ன்னா அடிக்கறது, தட்டறது. 1769ல இங்கிலாந்து மாலுமி கேப்டன் குக் டஹிட்டிக்கு போனப்ப அவரும் கூடப்போன தாவர ஆராய்ச்சியாளர் ஜோசப் பேங்க்ஸும் இத டைரில எழுதி வச்சாங்க, அங்கேர்ந்து ஊரெல்லாம் பரவிடுச்சு. மிலிட்டரி டாட்டூன்னு ஒரு பரேட் இருக்குல்ல, அது வேற, டச்சு மொழிலேர்ந்து வந்தது, குழப்பிக்காதீங்க.

சமோவால இதுக்கு ஒரு கதை உண்டு. டாயிமா, டிலாஃபாயிங்கான்னு ஒட்டிப் பொறந்த ரெட்டை அக்கா தங்கச்சி, பச்சை குத்துற சாமானெல்லாம் ஒரு கூடைல போட்டுக்கிட்டு ஃபிஜிலேர்ந்து நீந்தியே வர்றாங்க. வழியெல்லாம் "பொம்பளைக்கு குத்து, ஆம்பளைக்கு குத்தாத"ன்னு பாட்டு. சமோவா கிட்ட வந்ததும் தண்ணிக்கடியில ஒரு பெரிய சிப்பி கண்ணுல பட, முங்கி எடுத்துட்டு மேல வந்தா பாட்டு அப்படியே தலைகீழாயிடுச்சு, "ஆம்பளைக்கு குத்து, பொம்பளைக்கு குத்தாத"! அதனாலதான் அங்க ஆம்பளைங்களுக்கு இடுப்புலேர்ந்து முட்டி வரைக்கும் அடர்த்தியா பெஆன்னு ஒண்ணு குத்துறாங்களாம். பாட்டு மாறினாலும் பொண்ணுங்கள விட்டுடல, அவங்களுக்கு தொடைல மாலுன்னு லேசான டிசைன் இருக்கு. பெஆவ வலி தாங்காம பாதில நிறுத்தினா ஆயுசுக்கும் அவமானம்.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? சில பேர் உடல் ஓவியம்னு எழுதறாங்க, எனக்கு அது சுத்தமா ஒத்து வரல, ஏன்னா ஓவியம் தேச்சா போயிடும். நியூசிலாந்து பூர்வகுடி மாவோரிங்க கதையே இதத்தான் சொல்லுது. மட்டாவோரான்னு ஒருத்தன் கோவத்துல பொண்டாட்டி நிவாரேக்காவ அடிச்சிடறான், அவ கோச்சுக்கிட்டு பாதாள லோகத்துல இருக்கற அப்பன் வீட்டுக்கு போயிடறா. இவன் தேடிட்டு போனா, மாமனார் உவேடோங்கா இவன் மூஞ்சில வரைஞ்சிருந்த கோலத்த கையால ஒரு தேய் தேய்க்கறாரு, எல்லாம் அழிஞ்சு போச்சு, சுத்தி இருந்தவங்க சிரிக்கறாங்க. அப்புறம் அவரே உளி வச்சு, ரத்தம் சொட்டச் சொட்ட, அழியாத மாதிரி போட்டு விடறாரு. புருஷன் பொண்டாட்டி சேந்து மேல வரும்போது அந்த வித்தையும் பூமிக்கு வந்துச்சு, அதுதான் மோகோ.

அதனால நம்ம ஆளுங்க காலங்காலமா சொல்ற "பச்சை குத்துறது"தான் கரெக்ட். கரிப்பொடிய தோலுக்கடியில ஏத்தினா வெளில பச்சையாத்தான் தெரியும், அதான் பச்சை. ஊசியால குத்தி ஏத்தறதால குத்து. சமோவால பரம்பரையா பன்னியோட கோரைப்பல்லுல செஞ்ச சீப்பு மாதிரி ஒண்ண சின்ன கட்டையால தட்டித் தட்டி எறக்குவாங்க, அதுவும் குத்துறதுதானே. பழைய மோகோவுக்கு மட்டும் குத்துறதுன்னு சொல்ல முடியாது, அங்க உளி தோல வெட்டி பள்ளமே விழும், அதுக்கு "செதுக்கறது"ன்னு சொல்லலாம், இல்ல மோகோன்னே விட்டுடலாம். டாட்டூ ஆர்ட்டிஸ்ட்டுக்கு பச்சை குத்துறவர்னு சொன்னா போதும்.