காட்டு நிலத்துக்கு வன உரிமைப் பட்டா: சேர்வராயன் மலைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

வனத்துறை எப்போதோ அபராதம் போட்ட ரசீது டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தால் அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். "காப்புக்காட்டுக்குள் உழுதார்" என்று தேதி போட்டு, முத்திரை குத்தி, நாலாக மடித்த அந்தத் தாள் அன்றைக்கு உங்கள் தாத்தா மேல் போட்ட வழக்கு. இன்றைக்கு, அவர் அந்த நிலத்தில்தான் இருந்தார் என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்த சாட்சி. ஆக்கிரமிப்பு என்று சொல்லி வருவாய்த்துறை கொடுத்த பழைய நோட்டீஸான பி-மெமோவும் அப்படித்தான். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி பட்டா கேட்கும்போது இரண்டும் கைகொடுக்கும்.

ஆனால் முதலில் பார்க்க வேண்டியது நிலம் எந்தக் கணக்கில் இருக்கிறது என்பதை. ஏற்காட்டில் எஸ்டேட் பட்டா, குடியானவர் பட்டா, வருவாய்ப் புறம்போக்கு, காப்புக்காடு எல்லாம் ஒரே சரிவில் அடுத்தடுத்து வரும். வி.ஏ.ஓ.விடம், ஊர் நிலங்களின் வகை எழுதியிருக்கும் 'அ' பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காடு அல்லது காப்புக்காடு என்றிருந்தால் இந்தச் சட்டம் பொருந்தும். வருவாய்ப் புறம்போக்கு என்றிருந்தால் வழி வேறு. அதற்குத் தாசில்தாரிடம் போக வேண்டும். இதைப் பார்க்காமல் மனு எழுதி, வருடக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் "இது வன நிலமே இல்லை" என்று பதில் வாங்குவது வீண் அலைச்சல்.

13.12.2005-க்கு முன்பிருந்தே அந்த நிலத்தில் குடியிருந்திருக்க அல்லது பயிரிட்டிருக்க வேண்டும். இப்போதும் அனுபவத்தில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு வெட்டித் திருத்திய நிலத்துக்கு இதில் இடமில்லை. அதிகபட்சம் 4 ஹெக்டேர், அதாவது 9 ஏக்கர் 88 சென்ட். அது உச்சவரம்புதான், எல்லாருக்கும் கிடைக்கும் அளவு என்று நினைத்துவிட வேண்டாம். ஒன்றரை ஏக்கரில் சாமையும் காபியும் போட்டிருந்தால் ஒன்றரை ஏக்கர்தான். சேலம் மாவட்ட மலையாளிகள் (கேரளத்தவர் அல்ல, இந்த மலைவாழ் மக்கள்) பட்டியல் பழங்குடியினர் என்பதால் சாதிச் சான்று போதும். 11.11.1989-க்குப் பிறகு வாங்கிய சான்றில் கோட்டாட்சியர் கையெழுத்து இருக்க வேண்டும். பழங்குடி அல்லாதவர்களும் கேட்கலாம், ஆனால் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், 1930-இலிருந்து காட்டை நம்பி அங்கேயே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். எஸ்டேட் வேலைக்கு வந்து தங்கிய குடும்பங்களுக்கு இது லேசில் முடிகிற காரியம் இல்லை.

மனுவை எங்கே கொடுப்பது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். திங்கட்கிழமை மலை இறங்கி, கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்து, ரசீதைப் பத்திரப்படுத்திக்கொண்டு திரும்புகிறார்கள். சட்டப்படி கோரிக்கை தொடங்க வேண்டிய இடம் ஊர்தான். கிராம சபை கூடி 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அந்தக் குழுவிடம்தான் தனி நபர் கோரிக்கைக்கான 'அ' படிவத்தைக் கொடுத்து, கையெழுத்துப் போட்ட ஒப்புகை வாங்க வேண்டும். கட்டணம் எதுவும் கிடையாது. சபை கோரிக்கைகளை அழைத்த நாளிலிருந்து மூன்று மாதம் தவணை. தேவைப்பட்டால் சபையே நீட்டிக்கலாம்.

சபையின் கோரம், அதாவது குறைந்தபட்ச வருகை, மிக முக்கியம். ஊரின் வயது வந்தவர்களில் பாதிப் பேர் வந்திருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். 180 பேர் உள்ள ஊரில் 90 பேர், அதில் 30 பெண்கள். கோரிக்கைகள் மேல் தீர்மானம் போடும் அன்று மனுதாரர்களிலும் பாதிப் பேர் இருக்க வேண்டும். காபி பறிப்புக் காலத்தில் பகல் பதினோரு மணிக்குக் கூட்டம் வைத்தால் பெண்கள் எல்லாரும் எஸ்டேட்டில்தான் இருப்பார்கள். வேலை முடிந்து வரும் நேரத்துக்கு வையுங்கள். வருகைப் பதிவில் பெயர், கையெழுத்து அல்லது கைரேகை, ஆணா பெண்ணா என்ற விவரம் மூன்றும் இருக்கட்டும். ஆகஸ்ட் 15 கிராம சபையில் இருபது தீர்மானங்களுக்கு நடுவே ஒன்றாக இதைச் செருகினால், கோரம் இல்லை என்று மேலே திருப்பி அனுப்ப வாய்ப்பு அதிகம்.

ஆதாரம் குறைந்தது இரண்டு வேண்டும். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, வீட்டு வரி ரசீது ஆகியவை ஆள் அங்கே குடியிருப்பதைக் காட்டும். எந்த நிலம் என்று காட்டாது. அதற்கு நிலமே பேச வேண்டும்: சரிவில் கல் அடுக்கிக் கட்டிய வரப்பு, கிணறு, முன்னோர் சமாதி, கோயில் கல். கல் வரப்பைப் படம் எடுக்கும்போது பாசி படிந்த பழைய அடுக்கும் மேலே புதிதாக வைத்த கல்லும் சேர்ந்து தெரியும்படி எடுங்கள். எது முந்தியது என்று பார்த்தாலே விளங்கும். ஊர்ப் பெரியவர் வாக்குமூலத்தை எழுதி வாங்கினால் அதுவும் ஆதாரம்தான். ஆனால் அந்தப் பெரியவர் மனுதாரராக இருக்கக் கூடாது. அண்ணன் மனுவுக்குத் தம்பியும், தம்பி மனுவுக்கு அண்ணனும் சாட்சி சொல்லி, இருவருமே மனுதாரர் என்பதால் இரண்டு சாட்சியமும் நிற்காமல் போவது உண்டு. செயற்கைக்கோள் படத்தில் பயிர் தெரியவில்லை என்பதை மட்டும் வைத்துத் தள்ளவும் முடியாது. அந்தப் படம் மற்ற ஆதாரங்களுக்குத் துணைதான் என்று 2012-இல் திருத்திய விதி சொல்கிறது. நிழல் மரத்துக்கு அடியில் காபி போட்ட நிலம் மேலிருந்து பார்த்தால் காடு மாதிரிதானே இருக்கும்!

குழு நிலத்தை நேரில் பார்க்கும் நாளை வனத்துறைக்கும் வருவாய்த்துறைக்கும் எழுத்தில் சொல்லி, நகலில் முத்திரை வாங்குங்கள். வந்தவர்கள் பதவி, தேதி, கருத்து எழுதிக் கையெழுத்திட வேண்டும். வராமல் இருந்துவிட்டுப் பிறகு ஆட்சேபித்தால் மறு ஆய்வுக்கு ஊருக்கே திரும்பும். இரண்டாம் முறையும் அவர்கள் வரவில்லை என்றால் சபை சொன்னதே முடிவு. அந்த முத்திரை விழுந்த நகல் இல்லாவிட்டால் இதை நிரூபிக்க வழியே இல்லை.

சபைத் தீர்மானம் கோட்டாட்சியர் தலைமையிலான உட்கோட்டக் குழுவுக்கும், பிறகு கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும் போகும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில், மனுதாரரிடமே தர வேண்டும். ஊர் சபை முடிவை எதிர்த்து உட்கோட்டக் குழுவிடமும், அதன் முடிவை எதிர்த்து மாவட்டக் குழுவிடமும் 60 நாளுக்குள் போகலாம். மனு நிலுவையில் இருக்கும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது.

தனி நபர் பட்டாவோடு நின்றுவிடும் ஊர்களே அதிகம். பொது உரிமை கேட்பவர்கள் குறைவு. கடுக்காய், தேன், சீமாறு புல், கிழங்கு ஆகியவற்றை எடுக்கவும் விற்கவும் ஊர் முழுமைக்கும் 'ஆ' படிவத்தில் கேட்கலாம். சரக்கைச் சந்தைக்குக் கொண்டுபோக அனுமதிச் சீட்டைச் சபை அமைக்கும் குழுவே தரலாம். காட்டையே காத்துப் பராமரிக்கும் உரிமைக்குத் தனியாக 'இ' படிவம் உண்டு.

டோலி கட்டி நோயாளியைத் தூக்கி வரும் ஊர்கள் பிரிவு 3(2)-ஐத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. சாலை, பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர், மின்கம்பி போன்ற 13 வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவான வன நிலம் தரலாம். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. வழக்கமான வனப் பாதுகாப்புச் சட்ட அனுமதி இதற்குத் தேவையில்லை. சபைத் தீர்மானத்தோடு வனச்சரகர் வழியாக மாவட்ட வன அலுவலரிடம் போக வேண்டும். கணக்கு இதுதான்: ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர். ஓரக் கால்வாயோடு 5 மீட்டர் அகலம் என்றால் 2 கிலோமீட்டருக்குள் முடித்தாக வேண்டும். செங்குத்துச் சரிவில் மண் வெட்டும் அகலமும் சேர்ந்துகொள்ளும், நீளம் இன்னும் குறையும். ஏற்கெனவே ஆள் நடக்கும் தடத்தை ஒட்டி அளந்தால் மரமும் குறையும், ஆட்சேபமும் குறையும்.

பட்டா கைக்கு வந்ததும் மனைவி பெயரும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். கணவன் மனைவி இருவர் பெயரிலும் தர வேண்டும் என்பது சட்டம். நான்கு எல்லையும் பரப்பும் சரிதானா என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு வாரிசாகச் சேரும். விற்கவோ வேறொருவர் பெயருக்கு மாற்றவோ முடியாது. தங்கும் விடுதி கட்ட இடம் தேடி வருபவர்கள் முத்திரைத்தாளில் எழுதி நீட்டும் 'அக்ரிமென்ட்' இந்த நிலத்துக்குச் செல்லாது.