பிக்கப்புக்கு எக்ஸ்ட்ராக்டர் மாட்டப் போகிறீர்களா?

2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. அதிலிருந்து நெகிரி செம்பிலானின் பகாவ் சுற்றுவட்டாரத்துப் பிக்கப்காரர்கள் என் பட்டறைக்கு வந்தால் முதலில் கேட்பது இதைத்தான்: "அண்ணே, எக்ஸ்ட்ராக்டர் மாட்டினா எண்ணெய் மிச்சமாகுமாமே?"

எஞ்சின் சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் கம்பெனிக் குழாய்தான் மேனிஃபோல்டு. அதற்குப் பதிலாக மாட்டும் தனித்தனி நீளக் குழாய்கள்தான் எக்ஸ்ட்ராக்டர். கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. கைப்பேசியில் அவர்கள் பார்க்கும் காணொளிகளில் பாதி அமெரிக்க வண்டிகள். பெரிய வி8 பெட்ரோல் எஞ்சின், இரண்டு பக்கமும் நீளநீளமாகக் குழாய்கள், மாட்டியதும் சத்தமே மாறிவிடுகிறது, எஞ்சின் திறனை அளக்கும் டைனோவில் குதிரைத்திறன் ஏறுகிறது. அதெல்லாம் பொய் இல்லை. ஆனால் நம் தோட்டத்துச் சாலைகளில் ஓடுவது ஹைலக்ஸ், டி-மேக்ஸ், ட்ரைட்டன், நவாரா, ரேஞ்சர். கிட்டத்தட்ட எல்லாமே நான்கு சிலிண்டர் டர்போ டீசல். அங்கே நடப்பது இங்கே நடக்காது.

எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவிதான் டர்போ. டர்போ வண்டியில் எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகைதான் டர்போவின் சக்கரத்தைச் சுற்றுகிறது. அந்தச் சூடும் வேகமும் வழியில் வீணாகக் கூடாது என்றுதான் வார்ப்பிரும்பில் குட்டையாக, தடிமனாக மேனிஃபோல்டு செய்து, டர்போவை அதன்மேலேயே உட்கார வைக்கிறார்கள். அதைக் கழற்றிவிட்டு மெல்லிய குழாயை மாட்டினால் சூடு வெளியே போகும், டர்போ எழும்பத் தாமதமாகும். டர்போவின் எடையையும் அந்த மெல்லிய குழாய்தான் சுமக்க வேண்டும். செம்பனைக் குலையை ஏற்றிக்கொண்டு மண் ரோட்டில் தினமும் குலுங்கினால் வெல்டு விரிசல் விடும். அங்கிருந்து பெயர்ந்த ஒரு சின்னத் துண்டு டர்போ சக்கரத்தில் போய் விழுந்தால் செலவு எங்கேயோ போய்விடும்.

டர்போவுக்குப் பின்னால் இறங்கும் டவுன்பைப்பைப் பெரிதாக்கினால் கொஞ்சம் பலன் உண்டு. ஆனால் எஞ்சின் கம்ப்யூட்டர் அமைப்பை மாற்றாமல் பெரிய வித்தியாசம் தெரியாது. மாற்றித் தருகிறேன் என்று கிளம்புகிறவர்கள் பலர் டீசலைக் கூட்டிவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். வண்டி கரும்புகை கக்குகிறது. அந்தப் புகை முழுக்கச் சரியாக எரியாத டீசல், அதாவது நீங்கள் மிச்சம் பிடிக்க நினைத்த அதே காசு. 1996ஆம் ஆண்டு டீசல் புகை விதிமுறைப்படி, புகையின் கருமையை அளக்கும் ஹார்ட்ரிட்ஜ் அலகில் எல்லை 50. அதைத் தாண்டினால் வழியில் மறிக்கும்போது பதில் சொல்ல வேண்டியது வண்டிக்காரர்தான்.

டீசல் மிச்சம் வேண்டுமென்றால் செம்மண் தூசி அடைத்த காற்று வடிகட்டியைப் பாருங்கள். டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா, பின் பிரேக் உரசுகிறதா, டயரில் காற்று சரியாக இருக்கிறதா பாருங்கள். இதற்கெல்லாம் எக்ஸ்ட்ராக்டர் விலையில் கால்வாசிகூட ஆகாது.

சரி, பெட்ரோல் பிக்கப் வைத்திருப்பவர்களிடம் கதை வேறு. 2002இல் வந்த புரோட்டோன் அரீனா இன்னும் இந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஜம்பக் என்ற பெயரில் விற்ற அதே வண்டி. உள்ளே இருப்பது புரோட்டோன் வீரா காரின் 1.5 லிட்டர் எஞ்சின். டர்போ இல்லை, முன்சக்கர இழுவை, எஞ்சின் குறுக்கே உட்கார்ந்திருக்கும். பின்னால் பத்து மூட்டை ஏற்றிக்கொண்டு கோலப்பிலா தாண்டி புக்கிட் புத்துஸ் ஏற்றத்தில் போனால் இரண்டாவது கியரில் அழும். இப்படிப்பட்ட வண்டிக்கு நல்ல எக்ஸ்ட்ராக்டர் கொஞ்சம் உதவும். 'கொஞ்சம்' என்பதை அழுத்தியே சொல்கிறேன்.

எப்படி உதவுகிறது? கம்பெனி மேனிஃபோல்டில் நான்கு சிலிண்டரின் புகையும் குட்டையான ஒரே அறைக்குள் வந்து விழும். தீமிதி முடிந்து எல்லோரும் ஒரே வாசலில் வெளியேறும் கூட்டம்போல ஒன்றை ஒன்று முட்டும். நான்கு-இரண்டு-ஒன்று வகை எக்ஸ்ட்ராக்டரில் முதல் சிலிண்டரும் நான்காவதும் ஒரு ஜோடி, இரண்டும் மூன்றும் இன்னொரு ஜோடி. எஞ்சின் எரியும் வரிசை 1-3-4-2 என்பதால் ஒரு ஜோடிக்குள் புகை அடுத்தடுத்து வராது, இடைவெளி விட்டு வரும். ஒரு வீச்சுப் புகை ஓடும்போது பின்னால் விடும் வெற்றிடம், அடுத்து வருவதை இழுத்துவிடும். இந்த வகை குறைந்த, நடுத்தர வேகத்தில் இழுவை தரும். நான்கும் நேராக ஒன்றில் சேரும் வகை மேல் சுற்றில்தான், அதாவது எஞ்சின் வேகமாகச் சுற்றும்போதுதான் வேலை செய்யும், ரேஸ் வண்டிக்குச் சரி. மூட்டை ஏற்றும் வண்டிக்கு வேண்டாம்.

குழாய் பெரிதாக இருந்தால் நல்லது என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். 1.5 எஞ்சினுக்கு இரண்டு லிட்டர் எஞ்சினின் குழாயை மாட்டினால் புகையின் வேகம் குறையும், கீழ் சுற்றில் இருந்த இழுவையும் போய்விடும். ஏற்றத்தில் வேண்டியதே அந்தக் கீழ் சுற்று இழுவைதான்.

பொருளைப் பற்றி ஒன்று. காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்ல ஸ்டெயின்லெஸ் என்று இங்கே எல்லோரும் நம்புகிறார்கள். மலிவான 201 வகையிலும் காந்தம் ஒட்டாது. 304 வகையில் நிக்கல் அதிகம், துருவுக்கு அதிக நாள் தாங்கும். இரண்டையும் காந்தத்தால் பிரிக்க முடியாது, விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஊருக்கென்று இன்னொரு எதிரியும் உண்டு, உரம். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு. மூட்டை கிழிந்து கொட்டினால் அந்த உப்பு மழைநீரோடு கீழே இறங்கி இரும்பை அரிக்கும், 304ஐக்கூடப் புள்ளி புள்ளியாக ஓட்டை போடும். உரம் ஏற்றிய அன்று மாலை வண்டியின் அடிப்பக்கத்துக்குத் தண்ணீர் அடித்துவிடுங்கள், எஞ்சின் ஆறிய பிறகு. வெப்பத்துணி சுற்றுவதும் இங்கே எனக்குப் பிடிக்காத வேலை. நம் மழைக்கு அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு சாதா இரும்புக் குழாயைச் சீக்கிரம் தின்றுவிடும்.

ஒரு தம்பி இணையத்தில் வாங்கிய எக்ஸ்ட்ராக்டரைப் பெட்டியோடு கொண்டுவந்தான். பளபளவென்று கண்ணைப் பறித்தது. எஞ்சினில் பொருந்தும் தகடான ஃபிளாஞ்சின்மேல் இரும்பு ஸ்கேலை நிமிர்த்தி வைத்து விளக்கைப் பின்னால் பிடித்தேன். நடுவில் வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. வெல்டு சூட்டில் தகடு வளைந்திருந்தது. தடிமன் குறைந்த தகடு அப்படித்தான் வளையும். பத்து மில்லிமீட்டர் பக்கம் இருந்தால்தான் நிற்கும். "இதை மாட்டலாம் தம்பி, ஆனா புகை அந்த இடுக்கில்தான் வரும்" என்றேன். "காஸ்கெட் போட்டா அடைச்சிக்காதாண்ணே?" என்று, இடுக்கை அடைக்க நடுவில் வைக்கும் தகட்டைச் சொல்லிக் கேட்டான். கொஞ்ச நாள் அடைக்கும், பிறகு காஸ்கெட் எரிந்துவிடும். கடைசியில் ஃபிளாஞ்சை மெஷின் ஷாப்பில் மட்டம் செய்து வந்த பிறகே மாட்டினோம்.

மாட்டும் வேலையில் பாதி நேரம் பழையதைக் கழற்றுவதில்தான் போகும். வருடக்கணக்கில் சூடு கண்ட நட்டு துருவோடு ஒட்டியிருக்கும். முந்தின நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட வேண்டும். மறுநாள் 12ஆம் நம்பர் ஸ்பேனரை வைத்து எடுத்ததும் அவிழ்க்கும் பக்கம் திருகக் கூடாது. முதலில் ஒரு இம்மி இறுக்கி, துரு உடையும் சத்தம் கேட்ட பிறகு அவிழ்க்க வேண்டும். அசையாவிட்டால் நட்டுக்கு மட்டும் டார்ச் சூடு. அவசரப்பட்டால் நட்டு ஏறியிருக்கும் திருகுக் கம்பியான ஸ்டட் முறிந்து எஞ்சினின் அலுமினிய ஹெட்டுக்குள் தங்கிவிடும். முறிந்த துண்டின்மேல் புது நட்டை வெல்டு வைத்துத் திருகி எடுப்பதுதான் நல்ல வழி. முறிந்த ஸ்டட்டைத் திருகி எடுக்கும் ஈசி-அவுட் கருவியை உள்ளே திணித்து அதுவும் முறிந்தால், அது டிரில் ஏறாத கெட்டி ஸ்டீல். ஹெட்டையே இறக்க வேண்டி வரும். ஆகவே "அரை மணி நேரத்தில் மாட்டித் தருகிறேன்" என்று சொல்லும் இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

புது ஸ்டட், புது நட்டு, புது உலோகக் காஸ்கெட். நடுவிலிருந்து ஆரம்பித்து இரண்டு ஓரத்துக்கும் மாற்றி மாற்றி, இரண்டு மூன்று சுற்றாக டார்க் ரெஞ்சில் இறுக்க வேண்டும். சாதா சிலிக்கான் பசையை வழித்து ஒட்டுகிறவரைப் பார்த்தால் நிறுத்தச் சொல்லுங்கள். அதன் ஆவி, புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சரைக் கெடுத்துவிடும். சென்சரை மேல்பக்கம் சாய்வாக வைக்க வேண்டும், கீழே தொங்கினால் குழாயில் தங்கும் தண்ணீர் அதை முடித்துவிடும். குறுக்கே உட்கார்ந்த எஞ்சின் ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது முன்னும் பின்னும் ஆடும், ஆகையால் நடுவில் மடங்கும் குழாய் கட்டாயம். முதல் நாள் ஓட்டி ஆறிய பிறகு நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் புகை ஒழுக்கு. காலையில் எஞ்சினை எழுப்பும்போது 'டிக் டிக்' என்று கேட்டு, சூடானதும் நின்றுவிட்டால் பலர் வால்வு சத்தம் என்று விட்டுவிடுகிறார்கள். அது பெரும்பாலும் ஃபிளாஞ்ச் ஒழுக்கு. உலோகம் விரிந்ததும் இடுக்கு அடைபடுகிறது, அவ்வளவுதான். அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்றும் உள்ளே போகும். சென்சர் அதைப் பார்த்து 'பெட்ரோல் போதவில்லை' என்று சொல்ல, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும்.

பெட்ரோல் செலவைவிடப் பெரிய ஆபத்து கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்குமேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். அரீனாவில் மேனிஃபோல்டு எஞ்சினின் முன்பக்கம் இருக்கிறது. அங்கே ஒழுகினால் ஓடும் காற்று அதைப் பின்னுக்குத் தள்ளி, கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காற்றுவாய் வழியாக உள்ளே கொண்டுவரும். தலைவலி, மயக்கம், குமட்டல் வந்தால் வெயில் என்றும் தூக்கம் கெட்டது என்றும் நினைத்துக்கொள்கிறோம். வண்டியில் ஏறினால் மட்டும் குழந்தைக்குத் தலைவலி என்றால் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள், வண்டியையும் அன்றே காட்டுங்கள். ஏர்கோன் போட்டு, கண்ணாடியை ஏற்றி, நின்ற வண்டியில் தூங்கவே தூங்காதீர்கள். ஒழுக்கு இருக்கிறதா என்று பார்க்க எஞ்சின் ஆறியிருக்கும்போது மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவி, எஞ்சினை எழுப்பி, ஒருவர் பின் குழாயைத் தடித்த துணியால் சில வினாடி மறைத்தால் போதும். குமிழி காட்டிக்கொடுக்கும்.

லாலாங் புல்லில் வண்டியை நிறுத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கம்பெனி மேனிஃபோல்டின்மேல் இருந்த வெப்பத்தகட்டை எக்ஸ்ட்ராக்டர் மாட்டும்போது கழற்றி எறிந்துவிடுகிறார்கள். காய்ந்த புல்லும் செம்பனை நாரும் சூடான குழாயில் பட்டால் பற்றிக்கொள்ளும். தகட்டை வெட்டி வளைத்தாவது திரும்ப மாட்டச் சொல்லுங்கள்.

சத்தத்தை ஒரே வரியில் முடிக்கிறேன்: 1987ஆம் ஆண்டு மோட்டார் வாகன இரைச்சல் விதிமுறைகள் இன்னும் உண்டு, போலீசும் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயும் சம்மன் எழுதத் தயங்குவதில்லை, ஆகவே சத்தத்தைக் குறைக்கும் மஃப்ளரில் கை வைக்காதீர்கள்.

கடைசியாக, "கூலியே வேண்டாம், பழையதை மட்டும் விட்டுட்டுப் போங்க" என்று யாராவது தாராளமாகச் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிஸ்ட்டுக்குள் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் இருக்கிறது. பழைய இரும்புக்காரர் அதற்குத் தரும் காசு நீங்கள் தர வேண்டிய கூலியைவிட அதிகமாக இருக்கலாம். முடிந்தால் கேட்டலிஸ்ட்டை வண்டியிலேயே விட்டு, அதற்கு முன்னால் உள்ள குழாயை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். கழற்றிய மேனிஃபோல்டைச் சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். பெயர் மாற்ற, புஸ்பாகோம் போன்ற வாகன ஆய்வு மையச் சோதனைக்கு வண்டி போகும்போது அதைத் தேடி பழைய இரும்புக் கடைக்கு அலைய வேண்டியிருக்காது.