அப்செஷன்: விருப்பம் இல்லை, முற்றுகை

ஓசிடி என்று மூன்றெழுத்தில் சொல்லிவிடும் நோயின் முழுப்பெயர் அப்செசிவ் கம்பல்சிவ் டிஸார்டர். வேண்டாத எண்ணம் ஓயாமல் வந்து பயமுறுத்தும், அந்தப் பயத்தை அடக்க ஏதோ ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநோய் இது. இதன் முதல் சொல்லைத் தமிழாக்கும்போதுதான் அதிகம் தவறுகிறோம். விளையாட்டின் மீதோ வண்டியின் மீதோ ஒருவருக்குள்ள பித்தையும் பேச்சில் அப்செஷன் என்றே சொல்வதால் வெறி, மோகம், பெருவிருப்பம் எல்லாம் உடனே வந்து விழுகின்றன. ‘தம்பியைக் கத்தியால் குத்திவிடுவேனோ’ என்ற எண்ணம் ஓயாமல் வந்து நடுங்கிப்போயிருக்கிறாள் 13 வயதுப் பெண் ஒருத்தி. தன் நோயின் பெயரிலேயே ‘விருப்பம்’ இருப்பதைப் படித்தால் என்ன நினைப்பாள்? எதற்குப் பயந்தாளோ அதற்கு அந்தப் பெயரே சாட்சி சொல்லிவிடும்.

மூலச் சொல்லில் விருப்பமே கிடையாது. லத்தீனில் ‘ஒப்’ என்றால் எதிரே, ‘செதேரே’ என்றால் உட்கார்தல். இரண்டும் சேர்ந்த ‘ஒப்ஸிதேரே’, கோட்டைக்கு எதிரே படை வந்து உட்கார்ந்துகொள்வதை, அதாவது முற்றுகையைக் குறித்தது. பிற்காலக் கிறித்தவ வழக்கில் தீய ஆவி ஒருவரை வெளியிலிருந்து தொல்லைப்படுத்தினால் அப்செஷன், உள்ளே புகுந்து ஆட்கொண்டால் பொஸெஷன். முற்றுகைக்குள் இருப்பவருக்குத் தன் அறிவு தன்னிடமே இருக்கிறது. நம் புறத்திணையிலும் மதிலை வளைப்பது உழிஞை, உள்ளிருந்து காப்பது நொச்சி. இந்நோய் உள்ள பிள்ளைகள் நொச்சிப் பக்கம் நிற்பவர்கள். ‘பெருவிருப்பம்’ என்ற சொல் அவர்களை உழிஞைப் பக்கம் தள்ளிவிடுகிறது. ஆகவே அப்செஷனுக்கு ‘முற்றுகை எண்ணம்’ என்பதே என் தேர்வு.

கம்பல்ஷனும் லத்தீன்தான். ‘பெல்லேரே’ என்றால் விரட்டுதல், உந்துதல். 1877இல் ஜெர்மன் மனநல மருத்துவர் கார்ல் வெஸ்ட்ஃபால் இந்நோயை விவரித்தபோது ‘கட்டாய எண்ணம்’ என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லையே கையாண்டார். தமிழில் ‘கட்டாயச் செயல்’ பொருந்தும். கை கழுவுவதும் பூட்டைச் சரிபார்ப்பதும் மட்டும் இதில் அடங்கும் என்று நினைக்க வேண்டாம். மனத்துக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே இருப்பது, ‘நான் கெட்டவள் இல்லையேம்மா?’ என்று நாளுக்கு நாற்பது முறை கேட்பது, இவையும் கட்டாயச் செயல்களே.

வேண்டாத எண்ணத்துக்கு ‘ஊடுருவும் எண்ணம்’ என்ற வழக்கு நன்றாகவே இருக்கிறது. அழைக்காமல் நுழைவது என்ற பொருள் அதிலேயே இருக்கிறது. அது நோயாளிக்கு மட்டும் வருவதும் அல்ல. உளவியலாளர்கள் ராக்மேனும் டி சில்வாவும் 1978இல் வெளியிட்ட ஆய்வில், நோயில்லாதவர்களில் பெரும்பாலானோருக்கும் இதே மாதிரி எண்ணங்கள் வருவது தெரிந்தது. வந்ததும் போய்விட்டால் அது ஊடுருவல். ‘இதை நினைத்தாலே நான் பாவி’ என்று பயந்து விரட்டப்போனால் அது அங்கேயே முகாம் போட்டுவிடும்.

நோய்க்கு மனநல மருத்துவர்கள் தமிழில் சொல்லும் ‘எண்ணச் சுழற்சி நோய்’ எனக்குப் பிடித்த பெயர். எண்ணம், பயம், செயல், சற்று நிம்மதி, மறுபடி எண்ணம் என்ற சக்கரத்தை அது காட்டுகிறது. ஒரே குறை, செயல் விட்டுப்போகிறது. ‘எண்ண-செயல் சுழற்சி நோய்’ என்றால் முழுமையாகிவிடும்.

சரி, சிகிச்சைக்கு வருவோம். முதன்மையான உளச் சிகிச்சை எக்ஸ்போஷர் அண்ட் ரெஸ்பான்ஸ் பிரிவென்ஷன். 1966இல் உளவியலாளர் விக்டர் மேயர் வெளியிட்ட பணியிலிருந்து வளர்ந்த முறை இது. ‘வெளிப்பாடு மற்றும் பதில் தடுப்பு’ என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. நடப்பது இதுதான்: பயத்தைத் தூண்டுவதைப் பிள்ளை படிப்படியாக, சிறியதிலிருந்து தொடங்கி எதிர்கொள்ளும், பிறகு வழக்கமான செயலைச் செய்யாமல் இருந்து பார்க்கும். நம் பெண் முதல் வாரம் ‘கத்தி’ என்ற சொல்லை எழுதுவாள், அப்புறம் ஒரு நாள் தம்பி பக்கத்தில் இருக்கும்போதே காய் நறுக்குவாள், அம்மாவிடம் உறுதி கேட்க மாட்டாள். ஆக, ‘எதிர்கொண்டு செயல் தவிர்த்தல்’. தடுப்பு என்றால் வேறொருவர் கையைப் பிடிப்பதுபோல இருக்கிறது. தவிர்ப்பது பிள்ளையே.

அம்மாவின் பங்கு கடினமானது. ‘நீ நல்லவள்தான்டா’ என்று ஒவ்வொரு முறையும் சொல்வது அன்புதான், ஆனால் சக்கரத்துக்கு எண்ணெய் ஊற்றுவதும் அதுவே. சிகிச்சையாளரோடு பேசி அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

மருந்தும் உண்டு. செர்ட்ராலின், ஃப்ளூவாக்ஸமின் போன்றவற்றை மருத்துவர் தருவார். இளம் வயதினருக்குத் தொடங்கும் நாட்களிலும் அளவை மாற்றும்போதும் தற்கொலை எண்ணம் தலைகாட்டுகிறதா என்று கவனமாகப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 7 முதல் 17 வயது வரையான 112 பேரிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் (மேலே சொன்ன எதிர்கொள்ளலும் அடங்கிய உளச் சிகிச்சை) செர்ட்ராலினும் சேர்ந்து பெற்றவர்களில் ஏறக்குறைய 54 சதவீதத்தினருக்கு நோய்க்குறிகள் அநேகமாக அடங்கின. உளச் சிகிச்சை மட்டும் என்றால் 39, மருந்து மட்டும் என்றால் 21, வெற்று மாத்திரை பெற்றவர்களில் 4.

இந்த உளச் சிகிச்சையில் பல சிறுவர்களிடம் முதலில் கேட்பது, ‘உன் நோய்க்கு என்ன பெயர் வைக்கலாம்?’ என்பது. பிள்ளை தனக்குப் பிடித்த ஏதோ ஒரு கேலிப் பெயரைச் சொல்லும். அன்றிலிருந்து அந்த அறையில் அதுதான் நோயின் பெயர்.