அணைவுச் சேர்மம்: தழுவலில் பிறந்த சொல்

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் ‘அணைவுச் சேர்மம்’ என்று படித்திருப்போம். ஆங்கிலத்தில் காம்ப்ளெக்ஸ். நடுவில் ஓர் உலோக அணு அல்லது அயனி. அதைச் சுற்றி, எலக்ட்ரான் இணைகளைக் கொடுத்துப் பிணைந்திருக்கும் ஈனிகள். இரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமும் இலையின் பச்சையமும் அணைவுச் சேர்மங்கள்தான்.

காம்ப்ளெக்ஸ் என்றதும் சிக்கல் என்ற பொருள்தான் முதலில் தோன்றும். இலங்கைப் பாடநூல்களில் ‘சிக்கல்’ என்ற சொல்லே வழங்குகிறது. அதிலும் நியாயம் உண்டு. கோபால்ட் குளோரைடும் அம்மோனியாவும் தனித்தனியே நிறைவான சேர்மங்கள். அப்புறம் ஏன் ஒன்றோடொன்று சேர்கின்றன என்று 19ஆம் நூற்றாண்டில் பலரும் திணறினார்கள். 1893இல் வேதியியலாளர் ஆல்ஃபிரட் வெர்னர் அந்த முடிச்சை அவிழ்த்தார். 1913இல் நோபல் பரிசு பெற்றார்.

ஆனால் சொல்லின் வேர் வேறு கதை சொல்கிறது. லத்தீனில் ‘கொம்ப்ளெக்சுஸ்’ என்றால் தழுவல், அணைப்பு. தமிழில் அணைதல் என்பது நெருங்கிச் சேர்தல், அணைத்தல் என்பது தழுவுதல். ஆக, ‘அணைவு’ வேர்ப்பொருளையே தொட்டுவிடுகிறது. கலைச்சொல்லாக்கத்தில் இவ்வளவு அழகாகப் பொருந்துவது அபூர்வம். என் வாக்கு இதற்குத்தான்.

சரி, அணைத்தால் மட்டும் போதுமா? அணைவுச் சேர்மம் வினையூக்கியாக, அதாவது தான் தீர்ந்துபோகாமல் வினையை விரைவுபடுத்தும் பொருளாக, வேலை செய்ய வேண்டுமானால் விடவும் தெரிய வேண்டும். வினையூக்கத்துக்கு 1835இல் வேதியியலாளர் பெர்சீலியஸ் சூட்டிய ‘கேட்டலிசிஸ்’ என்ற பெயரின் கிரேக்க வேருக்கு அவிழ்த்தல் என்றே பொருள்.

சிரிப்பூட்டும் வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடை எடுத்துக்கொள்வோம். ஆக்சிஜனை இழந்து நைட்ரஜனாவது ஆற்றல் கணக்கில் அதற்கு லாபமே. ஆனாலும் எளிதில் வினைபுரியாது. உலோகத்தோடு ஒட்டுவதிலும் மிகப் பலவீனமான ஈனி. வளிமண்டலத்தில் நூறாண்டுக்கு மேல் தங்கிப் புவியைச் சூடாக்குவதும் இந்தப் பிடிவாதத்தால்தான். 1995இல் வேதியியலாளர்கள் குரோவ்ஸும் ரோமனும், ருத்தேனியம் உலோகமும் போர்ஃபைரினும் (ஹீமில் உள்ளதுபோன்ற வளைய மூலக்கூறு) சேர்ந்த அணைவு ஒன்று இதிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதைக் காட்டினார்கள். நைட்ரஜன் வாயு வெளியேறும். ஆக்சிஜன் உலோகத்தில் தங்கும். அதை ஆல்கீனிடம் (கார்பன் இரட்டைப் பிணைப்புள்ள சேர்மம்) கொடுத்தால் எப்பாக்சைடு (இரு கார்பனும் ஓர் ஆக்சிஜனும் முக்கோண வளையமாக இணைந்த சேர்மம்) கிடைக்கும். உலோகம் அடுத்த சுற்றுக்குத் தயார்.

இந்த வினையை ‘ஆக்சிஜன் அணு மாற்றம்’ என்று எழுதினால், அணுவே வேறாக மாறிவிட்டதுபோல் தொனிக்கிறது. ‘ஆக்சிஜன் அணுக் கைமாற்றம்’ என்றால் ஒருவரிடம் வாங்கி இன்னொருவரிடம் கொடுப்பது கண்ணில் தெரியும்.