மெட்ராஸ் வெயிலில் அமெரிக்க ஐஸ்

சென்னைக் கடற்கரைச் சாலையில் விவேகானந்தர் இல்லத்தைப் பார்த்துவிட்டு வந்த ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "இங்கே அமெரிக்காவிலிருந்து வந்த ஐஸைச் சேமித்தார்களாமே! மின்சாரமே இல்லாத காலத்தில் அது எப்படி உருகாமல் இருந்தது?"

உருகத்தான் செய்தது. ஆனால் விற்று முடிக்கும் அளவுக்கு மெதுவாக உருகியது.

பாஸ்டன் வணிகர் பிரெடரிக் டியூடர் 1842இல் கட்டிய கிடங்கு இது. மாசசூசெட்ஸ் ஏரிகளில் உறைந்த பனியை அறுத்து, கப்பலில் ஏற்றி, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு அனுப்பினார்கள். 1833இல் கல்கத்தாவுக்குக் கிளம்பிய முதல் சரக்கு 180 டன். நான்கு மாதம் கடலில் கிடந்த பிறகும் சுமார் 100 டன் கட்டியாகவே போய்ச் சேர்ந்தது.

உள்ளுறை வெப்பம் பற்றிப் பள்ளியில் படித்திருப்பீர்கள். ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி வேண்டும். சரி, அது எல்லா ஐஸுக்கும் பொதுதானே, தெருவில் வைத்த கட்டி மட்டும் ஏன் சீக்கிரம் கரைகிறது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது.

வெப்பம் மேற்பரப்பு வழியாகத்தான் உள்ளே நுழைய முடியும். ஒரு மீட்டர் கனசதுரக் கட்டிக்கு மேற்பரப்பு 6 சதுர மீட்டர். அப்படி ஆயிரம் கட்டிகள் தனித்தனியாகக் கிடந்தால் 6,000 சதுர மீட்டர். அவற்றையே இடுக்கில்லாமல் அடுக்கி 10 மீட்டர் கனசதுரமாக்கினால் வெறும் 600. வெப்பம் நுழையும் வாசலில் பத்தில் ஒன்பது பங்கை அடைத்தாயிற்று! ஆனால் கட்டிகள் கோணல்மாணலாக இருந்தால் இப்படி அடுக்க முடியாது. 1825இல் நத்தேனியல் வைத் என்பவர் உருவாக்கிய, குதிரை இழுக்கும் பனி அறுப்புக் கருவி எல்லாக் கட்டிகளையும் ஒரே அளவில் அறுத்துத் தந்தது. இந்த வணிகத்தின் உயிரே அந்த நேர்க்கோட்டு வெட்டில்தான் இருந்தது என்பேன்.

மிச்சமிருக்கும் மேற்பரப்பைச் சுற்றி மரத்தூள். தூளுக்கு நடுவே சிக்கிய காற்று நகர முடியாது. நகராத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. தூள் நனைந்தால் கதை மாறிவிடும். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். அதனால் உருகிய நீரை உடனுக்குடன் வடித்துவிடுவது ஐஸ் கிடங்கில் முக்கியமான வேலை.

நீராவி இயந்திரம் இங்கேயே ஐஸ் தயாரிக்கத் தொடங்கியதும் கப்பல் ஐஸ் வணிகம் படுத்துவிட்டது. கட்டடத்தை வாங்கிய வழக்கறிஞர் பிலிகிரி அய்யங்கார், நீதிபதி கெர்னன் நினைவாக 'காஸில் கெர்னன்' என்று பெயரிட்டு, ஜன்னல்களும் தாழ்வாரங்களும் அமைத்தார். ஐஸுக்கு வீசும் காற்று பகை, மனிதருக்கு அது வேண்டும். 1897 பிப்ரவரியில் மேலைநாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் இங்கே ஒன்பது நாள் தங்கினார். அதே ஆண்டு சுவாமி ராமகிருஷ்ணானந்தர் சென்னை ராமகிருஷ்ண மடத்தை இங்குதான் தொடங்கினார். அப்புறம், தாமே குழந்தை விதவையாக இருந்து பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமி, இளம் விதவைகளைப் படிக்க வைத்த விடுதியும் இங்கே இயங்கியது. விதவை முகத்தில் விழித்தால் ஆகாது என்று ஊர் நம்பிய காலத்தில் நடந்த காரியம் அது. இந்தக் கட்டடத்தின் வரலாற்றில் நான் அதிகம் மதிப்பது இதைத்தான். 1963இல் விவேகானந்தர் இல்லம் என்ற பெயர் வந்தது.

இப்படிப் பழைய கட்டடங்களைப் புதுப்பிக்க நிதி ஒதுக்கும்போது, அவை வெயிலை எப்படிச் சமாளிக்கின்றன என்று தெரிந்துகொள்ள, அவற்றின் வெப்பநிலையை அளக்கவும் கொஞ்சம் ஒதுக்க வேண்டும். ஒரு கோடை முழுக்க, அறைக்கு ஒரு வெப்பமானி வைத்து, பக்கத்துக் கல்லூரியின் இயற்பியல் மாணவர்களிடம் பொறுப்பைக் கொடுத்தாலே போதும்.