ஹெல்மெட் இடிக்காமல் எழுபது வளைவு

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. முதல் தடவை நானும் மனைவியும் பைக்கில் ஏறியபோது அவள் பலகைகளை எண்ணவில்லை. தன் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் எத்தனை முறை இடிக்கிறது என்று எண்ணிக்கொண்டு வந்திருக்கிறாள். பாதி மலையில் ஒரு வளைவோரம் நிறுத்தியபோதுதான் எனக்கே தெரிந்தது. "நாப்பதைத் தாண்டியாச்சுங்க, இனிமே எண்ணலை" என்றாள்.

அங்கே நிற்கும்போதே எதிரே ஒருவர் இறங்கி வந்தார். பழைய 100 சிசி வண்டி, பின்னால் இரண்டு பக்கமும் பலாப்பழம் கட்டியிருந்தது. வேகமாகவும் வரவில்லை, தயங்கித் தயங்கியும் வரவில்லை. வளைவில் நுழைந்தார், திரும்பினார், போய்விட்டார். பழம் ஆடவே இல்லை.

அவர் கைக்கும் என் கைக்கும் என்ன வித்தியாசம் என்பதற்குப் பதில் அனுபவம் என்று சொல்லிவிடலாம். அந்த அனுபவம் எதைக் கற்றுக்கொண்டது என்று பார்த்தால் உள்ளே இருப்பது பள்ளிக்கூட இயற்பியல்தான்.

சாலையை வண்டி தொடுவது இரண்டே இரண்டு இடங்களில். ஒவ்வொன்றும் கைக்குள் அடங்குகிற அளவு ரப்பர். பிரேக் பிடித்தால் வேகம் குறைவதும், முறுக்கினால் வண்டி முன்னேறுவதும், வளைவில் வண்டி வெளியே ஓடாமல் உள்ளே திரும்புவதும் அந்த ரப்பரின் பிடிமானத்தால்தான். மூன்று வேலைக்கும் தனித்தனிப் பிடிமானம் கிடையாது, இருப்பது ஒன்றுதான்.

அதைப் பங்கு போடுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. வளைவுக்கான விசை பக்கவாட்டில் செயல்படுகிறது, பிரேக் விசை நீளவாட்டில். இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்து. அதனால் அவற்றை நேராகக் கூட்டக் கூடாது. பிதாகரஸ் தேற்றத்தின்படி கூட்ட வேண்டும். டயரின் மொத்தப் பிடிமானம் 100 என்று வைத்துக்கொள்வோம். வளைவுக்கு 60 போய்விட்டால் பிரேக்குக்கு மிச்சம் 40 அல்ல, 80. பழைய 3-4-5 முக்கோணம்தான். வளைவுக்கு 80 போனால் மிச்சம் 60. வளைவே 95-ஐ எடுத்துக்கொண்டால் மிச்சம் வெறும் 31.

இந்தக் கணக்கை முதலில் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. வளைவில் பிரேக்கைத் தொட்டாலே விழுந்துவிடுவோம் என்று பயமுறுத்தித்தான் எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தார்கள். அது உண்மையில்லை. மிதமாகச் சாய்ந்திருக்கும் வண்டியில் பிரேக்குக்கு நிறையவே இடம் இருக்கிறது. ஆனால் வேகம் கூடக்கூட அந்த இடம் சரசரவென்று சுருங்கும். 10 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை 20 கிலோமீட்டர் வேகத்தில் எடுத்தால் வண்டி சுமார் 17 டிகிரி சாய வேண்டும். 30 கிலோமீட்டரில் எடுத்தால் 35 டிகிரி. வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது, தேவைப்படும் பக்கவாட்டு விசையோ இரண்டேகால் மடங்கு கூடிவிட்டது. வேகத்தின் வர்க்கம் செய்கிற வேலை இது. வேகத்தை வளைவுக்கு முன்பே குறை என்று பெரியவர்கள் சொல்வதற்குக் காரணமும் இதுதான்.

சரி, இடம் இருக்கிறது என்றால் ஏன் விழுகிறோம்? பிரேக்கை எவ்வளவு பிடித்தோம் என்பதைவிட எவ்வளவு சட்டென்று பிடித்தோம் என்பதில்தான் பெரும்பாலும் கோளாறு.

பிரேக் பிடித்தால் எடை முன் சக்கரத்துக்கு நகர்கிறது. எவ்வளவு நகரும் என்பதைப் புவியீர்ப்பு மையத்தின் உயரமும் இரண்டு சக்கரங்களுக்கு இடையிலான தூரமும் முடிவுசெய்கின்றன. உயரம் 65 சென்டிமீட்டர், தூரம் 130 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் விகிதம் பாதி. வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 210 கிலோ. ஒவ்வொரு நொடியிலும் வேகம் மணிக்கு 18 கிலோமீட்டர் குறையும்படி பிரேக் பிடித்தால், ஐம்பது கிலோவுக்கு மேல் பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரத்துக்குப் போய்விடும். ஒரு ஆளின் எடை! பின்னால் இருந்தவர் எழுந்து வந்து ஹேண்டில்பார் மேல் உட்கார்ந்த மாதிரி.

டயரின் பிடிமானம் அதன் மேல் அழுத்தும் எடையைப் பொறுத்தது. எடை வந்த பிறகு முன் டயர் நன்றாக அழுந்திப் பரவி, பெரிய பிரேக் விசையையும் தாங்கும். ஆனால் அந்த எடை உடனே வந்து சேராது. முன் ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் வைத்த குழாய்கள்) அமுங்க வேண்டும், டயர் நசுங்க வேண்டும். அதற்கு ஒரு நொடியில் சின்னப் பங்காவது ஆகும். லிவரைச் சட்டென்று இறுக்கினால் பிரேக் முதலில் வந்துவிடுகிறது, எடை பின்னால் வருகிறது. அந்த இடைவெளியில் சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொண்டு வழுக்கும். அதே விசையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருந்தால் அதே டயர் தாராளமாகத் தாங்கியிருக்கும். எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி பிடி என்பார் நான் வண்டியைச் சர்வீஸுக்கு விடும் மெக்கானிக். அவர் இயற்பியல் படித்தவரில்லை, ஆனால் சொன்னது சரி.

ஆனால் பிரேக்கைப் பிடிப்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், விடுவதுதான் கடினம். பிரேக் பிடித்திருக்கும்போது ஃபோர்க் அமுங்கியிருக்கும். முன்பக்கம் தாழ்ந்ததால் ஃபோர்க்கின் சாய்வு சற்று நிமிர்ந்து, வண்டி சுலபமாகத் திரும்பத் தயாராக இருக்கும். அந்த நேரம் பார்த்து லிவரைப் பட்டென்று விட்டால் ஸ்பிரிங் துள்ளி எழும். முன் டயரின் மேலிருந்த எடை நழுவும், வண்டி வளைவின் வெளிப்பக்கம் ஓடப் பார்க்கும். பின்னால் இருப்பவரின் தலை முன்னே வந்து இடித்துவிட்டுப் பின்னே போகும். நாற்பது இடிகளில் பாதியாவது இந்தக் கணக்கில்தான் வந்திருக்கும்.

பந்தயக்காரர்கள் இதற்குச் செய்வது பார்க்க அழகு. நேராக வரும்போது பலமாகப் பிரேக் பிடிக்கிறார்கள். வண்டி சாயத் தொடங்கியதும் சாய்கிற அளவுக்கு விரலைத் தளர்த்திக்கொண்டே போகிறார்கள். சாய்வு முழுமை அடையும்போது பிரேக் ஏறத்தாழ பூஜ்யம். மேலே சொன்ன முக்கோணக் கணக்கையே விரலால் போடுகிறார்கள்: வளைவின் பங்கு ஏற ஏற, பிரேக்கின் பங்கு இறங்குகிறது. இதற்கு டிரெயில் பிரேக்கிங் என்று பெயர். மலைச்சாலையில் நமக்கு அந்த வேகம் தேவையில்லை. அந்த விரல் மட்டும் தேவை.

அப்புறம் ஆக்ஸிலரேட்டர். பிரேக்கை விட்டதும் வண்டியைச் சும்மா உருளவிட்டால் போதும் என்றுதான் தோன்றும். அங்கே ஒரு விஷயம் இருக்கிறது. டயரின் குறுக்குவெட்டு வட்டமாக இருப்பதால், சாயும்போது வண்டி டயரின் நடுவில் ஓடாமல் ஓரத்தில் ஓடுகிறது. ஓரத்தில் சுற்றளவு குறைவு. 100 மில்லிமீட்டர் அகல டயரை 35 டிகிரி சாய்த்தால் உருளும் ஆரம் சுமார் மூன்று சதவீதம் குறைகிறது. அதாவது எஞ்சின் அதே வேகத்தில் சுற்றினாலும் வண்டி மெதுவாகிறது. டயர் திரும்பும்போது ஏற்படும் இழுவையும் சேர்ந்து இன்னும் குறைக்கிறது. ஆகவே வளைவில் வேகம் மாறாமல் இருக்கவேண்டுமென்றாலே கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கிக்கொண்டு போகவேண்டும். முறுக்குவது என்றால் மணிக்கட்டு அசைந்தது தெரியாத அளவுக்கு.

அப்படி லேசாக முறுக்கினால் எடையில் கொஞ்சம் பின் சக்கரத்துக்குப் போகிறது. பல வண்டிகளில் பின் டயர்தான் அகலம், அதிகம் தாங்குவதும் அதுதான். ஃபோர்க் முழுக்க அமுங்காமலும் முழுக்க நீளாமலும் நடுவில் நிற்பதால் பள்ளம் மேடு வந்தாலும் சமாளிக்கும். இதற்கு நேர்மாறாக, பயந்துபோய் வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மூடினால் எஞ்சினே பின் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். எடை முன்னால் பாயும், ஏற்கெனவே வளைவுக்காக உழைத்துக்கொண்டிருக்கும் முன் டயருக்கு இன்னொரு சுமை. பயத்தில் முன் பிரேக்கையும் இறுக்கினால் வண்டி தானாக நிமிரப் பார்க்கும். சாய்ந்த நிலையில் டயர் தரையைத் தொடும் இடம் ஹேண்டில்பாரின் அச்சுக்கு உள்பக்கமாக இருக்கிறது; அங்கே பிரேக் இழுக்கும்போது ஹேண்டில்பார் உள்பக்கம் திரும்புகிறது, வண்டி எழுந்து நேராக ஓடுகிறது. மலைச்சாலையில் நேராக ஓடினால் எதிரே பேருந்து இருக்கும், அல்லது பள்ளம் இருக்கும்.

கொண்டை ஊசி வளைவுக்கென்று தனியாக ஒரு குசும்பும் உண்டு. ஒரே உயரத்தை உள் ஓரம் குறைந்த தூரத்தில் ஏறியாக வேண்டும். அதனால் உள் ஓரம் எப்போதும் வெளி ஓரத்தைவிடச் செங்குத்து. நாம் இடது பக்கம் போகிறவர்கள் என்பதால், ஏறும்போது இடது வளைவு வந்தால் அந்தச் செங்குத்து நம் பங்கு. மூன்றாவது கியரில் போய் நுழைந்தால் எஞ்சின் திணறி நின்றுவிடும், வண்டி உள்பக்கமாக மெதுவாக, மானத்தோடு சேர்ந்து சாயும். எனக்கு 23-ஆவது வளைவில் நடந்தது. அங்கே கியரை முன்பே குறைத்துவிட்டு, லேசாக முறுக்கிய நிலையிலேயே பின் பிரேக்கை மெல்ல மிதித்து வேகத்தைச் சரிபண்ணுவது நல்லது. எஞ்சின் இழுக்க, பிரேக் தடுக்க, இரண்டுக்கும் நடுவில் செயின் தளராமல் இறுக்கமாக நிற்கும். வண்டி வெட்டி வெட்டிப் போகாது.

இறங்கும்போது வேறு கணக்கு. வண்டியும் இரண்டு பேருமாக 270 கிலோ, சுமார் 1000 மீட்டர் இறக்கம். அவ்வளவு ஆற்றலும் எங்கேயாவது போய்த்தான் ஆகவேண்டும். அதை அப்படியே வெப்பமாக மாற்றினால் 30 டிகிரியில் இருக்கும் ஒன்பது லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகலாம். பிரேக் ஒன்றே அதைச் சுமந்தால் சூடேறிப் பிடிப்பு குறையும். டிரம் பிரேக்கில் இன்னும் சீக்கிரம். ஏறிய கியரிலேயே இறங்கு என்பதன் பொருள், அந்த வெப்பத்தில் ஒரு பங்கை எஞ்சினிடம் தள்ளிவிடு என்பதுதான். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்களை என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளத்தான் ஏபிஎஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகள் எல்லாவற்றிலும் அது கட்டாயம். ஆனால் சாதாரண ஏபிஎஸ்ஸுக்குச் சக்கரம் சுற்றுகிறதா நிற்கிறதா என்பது மட்டும்தான் தெரியும், வண்டி சாய்ந்திருக்கிறது என்பது தெரியாது. வளைவுக்கு எவ்வளவு பிடிமானம் போயிருக்கிறது என்று அதனால் கணக்குப் போட முடியாது. சாய்வையும் அளந்து செயல்படும் ஏபிஎஸ்ஸை பாஷ் நிறுவனம் 2013-இல் கேடிஎம் 1190 அட்வென்ச்சர் வண்டியில் கொண்டுவந்தது. அது செய்யும் முக்கியமான வேலை என்ன தெரியுமா? வண்டி சாய்ந்திருக்கும்போது நாம் லிவரை வெடுக்கென்று இறுக்கினாலும், பிரேக் அழுத்தம் மெதுவாக ஏறும்படி பார்த்துக்கொள்கிறது. எலுமிச்சம்பழத்தைத்தான் அதுவும் பிழிகிறது.

அன்று இறங்கும்போது இதையெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேனா என்றால் இல்லை, இடிக்கக் கூடாது என்பது மட்டும்தான் நினைப்பில் இருந்தது. இடி குறைந்தது, நிற்கவில்லை. ஆக்ஸிலரேட்டரை மூடித் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன வெட்டு. அடிவாரம் தாண்டி சேந்தமங்கலத்தில் ஒரு பட்டறையில் காட்டினேன். பையன் உட்கார்ந்து செயினை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தான். இரண்டு அங்குலத்துக்கு மேல் தொங்கியது. மூடும்போது செயினின் ஒரு பக்கம் தளர்ந்து, திறக்கும்போது அந்தத் தளர்வு முழுக்கச் சுண்டி இழுபட்ட பிறகுதான் சக்கரத்துக்கு விசை போகும். கை எவ்வளவு மெதுவாக முறுக்கினாலும் சக்கரத்துக்கு அது அடியாகத்தான் போய்ச் சேரும். பத்து நிமிடத்தில் இறுக்கிக் கொடுத்தான்.

நாமக்கல் வரைக்கும் ஒரு இடி கூட இல்லை. ஆக, தப்பு செயின் மேல்தான் என்று நான் சொன்னேன். அந்தச் சாலையில் வளைவே இல்லையே என்றாள் அவள்.